ஏரிக்கரையில் ஒரு கைதட்டல்

பறவைகளை விரட்டியவன் நானே. அந்தப் பழியை இன்னொருவர் தலையில் சுமத்தியவனும் நானே.

பேசிப் பேசியே பரிசுகள் வென்றவன் நான். இதைச் சொல்ல மட்டும் இரண்டு ஆண்டுகளாக நா எழவில்லை. இப்போதும் உங்கள் முகம் பாராமல் தாளில்தான் சொல்கிறேன்... களைத்துவிட்டேன்.

கம்மாபுரம் செல்லும் வழியில் ஒரு சிற்றூர் ஏரி. நடுவே நின்ற கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. நண்பனிடம் ஒரு நாளுக்கு இரவல் பெற்ற மிரர்லெஸ் கேமராவுடன் கரையில் அமர்ந்திருந்தேன். அவை கூட்டமாகச் சிறகு விரிக்கும் ஒரு படம் வேண்டும். புகைப்படப் போட்டிக்கு மறுநாளே கடைசி நாள்.

மாடு ஓட்டி வந்த அவ்வூர் அஞ்சலை அக்கா நின்றார்.

"தம்பி, சத்தம் கித்தம் போட்டுடாதீங்க. முட்ட வச்சிருக்குதுங்க. சாவு எடுத்துட்டுப் போனாக்கூட இந்தக் கரையில மோளத்த நிறுத்திட்டுத்தான் போவோம்."

"நான் வாயே தொறக்க மாட்டேன்க்கா."

"எங்க திருவிழாவுல மைக்க வுடாத தம்பியாச்சே நீங்க! அதான் பயமா இருக்குது" என்று சிரித்தபடி போனார்.

வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காத்தேன்!

வெயில் சாய்ந்தது. ஒரு நாரையும் அசையவில்லை. அந்தக் கேமரா ஓசையே இன்றிப் படமெடுக்கும். பறவைகள் மிரளக் கூடாதென்று அப்படி ஒரு வசதி. நானோ அதைக் கழுத்தில் தொங்கவிட்டு, இரு கைகளையும் ஓங்கித் தட்டினேன். ஒரு முறை... இரு முறை...

வானமெங்கும் சிறகுகள்! பறவையின் கண்ணைக் கேமரா தானே தேடிப் பிடித்தது. நான் பொத்தானை அழுத்தியது மட்டும்தான்.

திரையில் படங்களைப் பார்த்து மகிழ்ந்து நிமிர்ந்தேன். காவலற்ற கூடுகளில் காக்கைகள் இறங்கியிருந்தன.

அக்கா ஓடி வந்தார். "என்னா ஆச்சு தம்பி? யாரு?"

அவ்வேளையில், பீங்கான் ஆலைக்குக் களிமண் ஏற்றிய லாரி ஒன்று கரைமேல் ஊர்ந்து வந்தது.

"அந்த லாரிக்காரருதாங்க்கா. ஆரன அழுத்திக்கிட்டே வந்தாரு."

எவ்வளவு தெளிவான உச்சரிப்பு!

ஊரார் லாரியை மறித்தனர். "நான்... நான் ஆரனே அடிக்கலீங்க" என்று ஓட்டுநர் கும்பிட்டார். திக்கித் திக்கி மூன்று முறை சொன்னார். பிறகு என்னைக் கேட்டனர். நான் தடுமாறாமல், கோவையாகச் சொன்னேன். வாதத்தில் வெல்வது எப்படி என்று எனக்குத் தெரியாதா? இனி அவர் வண்டி அந்தக் கரையில் வரக்கூடாதென்று முடிவாயிற்று.

படத்துக்கு முதற்பரிசு. "மூச்சடக்கி மூன்று மணி நேரம் காத்திருந்தேன்!" என்று மேடையில் முழங்கினேன். அரங்கம் கை தட்டியது. என் கண்கள் தாமாக மேலே போயின. இன்றும், எந்த அரங்கில் கை தட்டினாலும், மேலேதான் போகின்றன.

சென்ற மாதம், சொல்லிவிடுவதென்றே அந்த ஏரிக்குப் போனேன். அக்கா எனக்கு முன்பே பேசிவிட்டார்.

"வாங்க தம்பி! அன்னிக்கு நீங்க மட்டும் சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

வாயெடுத்தேன்... "பரவால்லீங்க்கா" என்றேன்.

தொலைவில், ஏரியைத் தவிர்த்துச் சுற்றிப் போகும் சாலையில், ஒரு மண் லாரி போய்க்கொண்டிருந்தது.