மடிக்கிற சைக்கிளின் சத்தம்

மாமா மருதானையில் அந்தப் பழைய சைக்கிளை வாங்கி வந்த நாளில் வீட்டில் ஒருவரும் அவரைப் பாராட்டவில்லை. இரண்டாக மடித்து, உரப்பையால் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, பஸ்ஸில் ஏற்றி வெள்ளவத்தை வரை கொண்டு வந்திருந்தார். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகள். இரண்டிலும் அவிழ்த்துக் காட்டித் திரும்பக் கட்டியிருக்கிறார்.

"உரப்பைக்குள்ள இரும்பைச் சுத்திக்கொண்டு ஒரு யாழ்ப்பாணத்தான் கொழும்பு பஸ்ஸில வாறான். உன்னைத் திரும்பி வர விட்டது அவங்கட பெருந்தன்மை" என்றார் அப்பா. மாமா சிரித்தார். சைக்கிள் என்றால் அவருக்கு மற்றதெல்லாம் பிறகுதான்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. வெளிநாடு போவதற்காக ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஏஜென்ற் ஒவ்வொரு முறையும் "இன்னும் பத்து நாள்" என்பான். அந்தப் பத்து நாள் அப்போது ஏழு மாதமாகியிருந்தது. வெளியே திரிந்தால் பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். உள்ளேயே இருந்தால் மாமாவுக்கு விசர் பிடித்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். நாங்கள் இருந்தது மேல்மாடியில் இரண்டு அறை. கீழே இருந்த வீட்டுக்கார அன்ரி தன் வாசலில் செருப்பு விடவே முகம் சுளிப்பவர், சைக்கிள் விட விடுவாரா? மடிக்கிற சைக்கிள் என்றால் என் கட்டிலுக்குக் கீழே போய்விடும். பின்னேரம் நான் அதில் ரியூசனுக்குப் போகலாம், மற்ற நேரமெல்லாம் அது மாமாவுக்கு என்று ஒப்பந்தம். எனக்குப் பதினொரு வயது. வகுப்பிலேயே சைக்கிளில் வரும் ஒரே பெண் நானாகப் போகிறேன் என்ற சந்தோசப் புளுகத்தில் உடனே ஒப்புக்கொண்டேன்.

கடை முதலாளி "ஜப்பான் மஹத்தயா, சுத்த ஜப்பான் ஐயா" என்று சத்தியம் பண்ணியிருந்தாராம். மாமா நம்பவில்லை. யுத்தத்தால் பெற்றோல் இல்லாத ஊரில் சைக்கிளையே காராகவும் லொறியாகவும் அம்புலன்ஸாகவும் ஓட்டியவர் அவர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோவில் செய்தி கேட்டவர். அவரை ஒரு முதலாளி ஏமாற்றுவதா? சைக்கிளின் உடம்பெல்லாம் கதவுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ற் அப்பியிருந்தது. கம்பனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள்தான் மிச்சம். மண்ணெண்ணெய்த் துணியும் பழைய பிளேடுமாக மூன்று நாள் பின் பல்கனியில் குந்தியிருந்தார். பெடல் அச்சுக்குக் கீழே சுரண்டி ஒரு இலக்கத்தைக் கண்டுபிடித்து, என் பழைய கொப்பியில் எழுதி வைத்தார். மடிக்கிற மூட்டின் நட்டுக்கு அங்குல ஸ்பானர் பொருந்தியது, ஆகவே இரும்புச் சட்டம் இங்கிலாந்து. ரிம் ஜப்பான். செயின் இந்தியா. சீற் வேறெதிலோ கழற்றியது.

"என்னைவிடக் கூட நாடு பாத்திருக்கு" என்றார் மாமா.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பெடலை மிதிக்கும்போது எங்கிருந்தோ ஒரு சத்தம் வரும். முதலில் ஒரு 'டொக்'. சின்ன இடைவெளி. பிறகு இரண்டு 'டொக் டொக்'. கெட்ட செய்தி கேட்ட ஒருவர் சூள் கொட்டுவதுபோலவே இருக்கும். மாமா இடமிடமாக எண்ணெய் விட்டுப் பார்த்தார். நிற்கவில்லை. "ஆரோ பின்னால இருந்து பரிதாபப்படுற மாதிரி இருக்கு, எனக்குப் பிடிக்கேல்ல" என்றார் அம்மா. எனக்கோ அது விளையாட்டாக இருந்தது. மிதிக்கும்போது நானும் சேர்ந்து நாக்கால் கொட்டிக்கொண்டு போவேன்.

ரியூசன் வீடு, பஸ் ஓடும் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. நடு வழியில் ஒரு மாடி வீடு, நீலக் கேற். மதிலுக்கு மேலாக வளர்ந்த ஜம்பு மரம் மாடி யன்னலை முழுதாக மறைத்திருந்தது. சைக்கிளில் போன முதல் நாள், அந்தக் கேற்றைக் கடக்கும்போது உள்ளே கொளுக்கி தூக்குப்படும் சத்தம் கேட்டது. கேற் ஒரு சாண் திறந்தது. யாரோ வருகிறார்கள் என்று பிறேக் பிடித்தேன். யாரும் வரவில்லை. திறந்த இடைவெளியில் சீமெந்து முற்றமும் கவிழ்த்து வைத்த ஒரு வாளியும்தான் தெரிந்தன. சற்று நேரம் அப்படியே நின்ற கேற், பிறகு தானாகவே மெல்ல மூடிக்கொண்டது.

இரண்டாம் நாளும் அப்படியே. விஞ்ஞானத்தில் நான் மோசமில்லை, பரிசோதனை செய்து பார்த்தேன். நடந்து போனேன், திறக்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன், திறக்கவில்லை. ஏறி மிதித்தேன், திறந்தது. வெயில் எறிக்கும் நாலு மணிக்கு, ஐஸ்கிரீம்காரன் மணியடித்துக்கொண்டு போகும் ஒழுங்கையில், எனக்கு மட்டும் உடம்பெல்லாம் குளிர்ந்தது.

வீட்டில் சொல்லவில்லை. ஏற்கெனவே சைக்கிளைப் பிடிக்காத அம்மாவுக்குப் பேய்க்கதையும் கிடைத்தால் அன்றைக்கே அது மருதானைக்குத் திரும்பிவிடும். கண்ணை இறுக மூடி, ஒரு தேவாரத்தின் முதல் இரண்டு வரியைச் சொல்லிக்கொண்டு அந்த இடத்தைக் கடக்கப் பழகினேன். இப்படிச் சைக்கிள் ஓட்டினால் என்ன நடக்குமோ அது நடந்தது. மின்கம்பத்தில் மோதி முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்த அன்று மாமா என்னைப் பிடித்து உட்கார்த்தி உண்மையைக் கறந்துவிட்டார்.

"பேய்க்குக் கேற் எதுக்குப் பிள்ளை? அது மதிலுக்குள்ளாலயே வருமே" என்றார்.

அடுத்த நாள் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவரே மிதித்தார். நீலக் கேற் வந்தது. கொளுக்கி எழும்பியது. கேற் திறந்தது. நான் மாமாவின் சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். மாமா காலை ஊன்றி நின்று, விரலை நீட்டிக் காட்டினார். கொளுக்கியிலிருந்து ஒரு மெல்லிய நைலோன் கயிறு மதில் வளையத்துக்குள்ளால் போய், ஜம்பு இலைகளுக்குள் ஏறி, மாடி யன்னலுக்குப் போனது.

"மேல இருக்கிற ஆக்கள் இறங்கி ஏறப் பஞ்சியில இப்பிடிக் கட்டி வைச்சிருப்பினம். பாத்தியா, பேயும் இல்லை, ஒண்டும் இல்லை."

கயிறு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "அப்ப இழுக்கிறது ஆர் மாமா?" என்று கேட்டேன். மாமா சைக்கிளை விட்டு இறங்கினார். என்னைச் சைக்கிளோடு வெளியே நிறுத்திவிட்டுக் கேட்டுவருகிறேன் என்று உள்ளே போனார்.

வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். ரியூசன் வேண்டாம் என்றார். வீடு வரைக்கும் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் அம்மாவையும் அப்பாவையும் பின் பல்கனிக்குக் கூப்பிட்டார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன்.

மாடியில் ஒரு அம்மா தனியே இருக்கிறார். முழங்கால் இயலாது, கீழே இறங்குவதில்லை. ஒரே மகன். மடிக்கிற சைக்கிள் ஒன்று வைத்திருந்தான். இரண்டு வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் சிநேகிதன் ஒருவனைப் பார்க்கப் போனவன் வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அவன் வரும் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அவர் கயிற்றை இழுத்துவிடுவது வழக்கம். இதெல்லாம் மாமா சொன்னது.

"'மனசுக்குத் தெரியுது அவன் இல்லையெண்டு, கை கேக்குதில்லை தம்பி' எண்டு அந்த அம்மா சொன்னா, அக்கா. மூட்டு ஆடுதெண்டு மகன் பால்மா ரின்னை வெட்டி வாசர் மாதிரி உள்ளுக்க வைச்சவனாம். அதுக்குப் பிறகுதான் இந்தச் சத்தமாம்."

"நீ என்ன சொன்னனி?" என்றார் அம்மா.

"ஊரில இருந்து கொண்டுவந்த சைக்கிள் எண்டு சொல்லிப்போட்டன்."

பிறகு மாமா ஸ்பானரை எடுத்து மடிக்கிற மூட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து வட்டமாக வெட்டிய ஒரு தகரத் துண்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. ஓரமெல்லாம் அழகாக அராவியிருந்தது. ஒரு பக்கத்தில் பால்மா ரின்னின் மஞ்சள் நிறம் இன்னும் இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சத்தம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்ததற்கு ஏன் ஒருவரும் சந்தோசப்படவில்லை என்று நான் யோசித்தேன்.

கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்று அம்மாதான் முதலில் சொன்னார். கொடுத்தால் எங்கே எடுத்தது என்று கேட்பார், பொலிஸுக்குப் போவார், தன் பெயர் வரும், ஏஜென்ற் சொன்ன பத்து நாளும் போய்விடும் என்றார் மாமா. அவருடைய குரல் அப்படிச் சின்னதாகி நான் கேட்டதில்லை. கடைசியில் அப்பா தீர்த்து வைத்தார்.

"கறுப்புப் பெயின்ற் அடி. சத்தத்தை எடு. அந்த மனுசிக்கும் அதுதான் நல்லது."

கடைசி வசனத்தை மூன்று பேரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

மாமா இரண்டு நாளில் சைக்கிளை வேறொன்றாக்கினார். மூட்டுக்குள் பித்தளை வாசர். புது ரயர், புதுப் பிறேக் கட்டைகள், ஸ்பிரிங் வைத்த சீற், பளபளவென்று கறுப்புப் பெயின்ற். அடியில் இருந்த இலக்கத்தை அரத்தால் தேய்த்து அழித்தார். கொப்பித் தாளைக் கிழித்துக் குசினி அடுப்பில் போட்டார். சைக்கிள் எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடியது, ஒரு முனகல் கூட இல்லை. அவர் செய்த வேலைகளிலேயே திறமானது அதுதான். அவர் அதில் ஒரு தடவையும் ஏறி ஓடவில்லை.

தகரத் துண்டு யன்னல் விளிம்பில் கிடந்தது. திரைக்குப் பின்னால் நின்று கேட்டதை வைத்து நான் என் கணக்கில் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். வராத அந்த அண்ணா செத்துப் பேயாகி இதற்குள்தான் இருக்கிறார். பெரியவர்களுக்கும் அதுதான் பயம். அடுத்த நாள் தகரத்தை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போய், ரயில் பாதையைக் கடந்து, கற்களுக்கு மேல் ஏறி நின்று கடலுக்குள் எறிந்தேன். வீட்டைக் காப்பாற்றிய பெருமையோடு திரும்பி வந்தேன்.

அதன் பிறகு நீலக் கேற் திறக்கவில்லை. முதல் நாளும் இல்லை, இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் கேற் அகலத் திறந்திருந்தது. ஹவுஸ்கோட் போட்ட ஒரு அம்மா ஒரு கையால் கேற்றையும் மறுகையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்தபடி நின்றார். நான் அவருக்கு எட்டும் தூரத்தில், அவருடைய மகனின் சைக்கிளில், சத்தமில்லாமல் கடந்து போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவருடைய காது எனக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

அன்று சாப்பிடும்போது இதை நான் சந்தோசமாகத்தான் சொன்னேன். பேய் போய்விட்டது, அதனால்தான் அந்த அம்மா பயமில்லாமல் வெளியே வருகிறார் என்றேன். மாமாவின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது.

"அந்தத் தகரம் எங்க பிள்ளை?"

சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து கடற்கரைக்குப் போனார். வெறுங்கையோடு வந்தார். அடுத்த நாள் பால்மா ரின் ஒன்றை வெட்டி வட்டம் செய்து, பித்தளை வாசரைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். 'கிறீச்' என்றது. இன்னொன்று செய்தார், அது கிலுகிலுப்பை ஆட்டியதுபோல் இருந்தது. சீனி ரின், சோடா மூடி, சவர்க்காரப் பெட்டி மூடி என்று ஒரு கிழமையாக வெட்டினார். விரலெல்லாம் காயம். ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சத்தத்தோடு என்னை அந்த ஒழுங்கையால் போகச் சொன்னார். கேற்றில் நின்ற அந்த அம்மா ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்துவார், கொஞ்சம் கேட்பார், பிறகு தலை குனிந்துவிடும். நல்லாயிருந்த சைக்கிளை ஏன் இப்படிப் பழுதாக்குகிறார் என்று எனக்கு எரிச்சல். இத்தனை பெரிய சைக்கிள்காரருக்கு ஒரு சின்னச் சத்தம் செய்யத் தெரியவில்லையே என்று கொஞ்சம் இளக்காரமும்.

ஏஜென்ற் சொன்ன பத்து நாள் ஒருவழியாக வந்தது. மாமா பித்தளை வாசரைத் திரும்ப மாட்டி, சைக்கிளை மடித்து என் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, ஒரு பையோடு போய்விட்டார்.

அதற்குள் அந்த அம்மாவும் கீழே வருவதை விட்டிருந்தார். கேற் மூடியே கிடந்தது. ஒரு பின்னேரம் சும்மா மிதித்துக்கொண்டு போகும்போது என் நாக்கு பழைய பழக்கத்தில் கொட்டியது. முதலில் ஒரு 'டொக்'. சின்ன இடைவெளி. பிறகு இரண்டு. ஒரு மாதம் கூடவே கொட்டி வந்த சத்தம், அச்சு அசலாக வந்தது.

உள்ளே கொளுக்கி எழும்பியது. நீலக் கேற் ஒரு சாண் திறந்து, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மாமாவால் முடியாததை நான் செய்துவிட்டேன். வீட்டுக்கு ஓடிவந்து, குசினியில் நின்ற அம்மாவுக்கு நாக்கால் கொட்டிக் காட்டி, கேற் திறந்த கதையை மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே கீழே வந்தது.

"நாளைக்கும் அந்த வழியாலதானே போவாய்?" என்று கேட்டார்.

"ஓம்."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே அடுப்பு எரியவில்லை. அப்படிச் செய்யாதே என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகும் வரை தினமும் நாலு மணிக்கு நான் நாக்கைக் கொட்டினேன், தினமும் கேற் திறந்தது. அம்மா ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.