குப்பிக்காரரின் நான்கு பற்கள்

பல் மருத்துவமனையின் பின்வாசல் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, குப்பிக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொள்வார். கதவு ஒரு சாண் திறக்கும். உதவியாளர் பெண் கனத்த பிளாஸ்டிக் குப்பி ஒன்றைத் தரையில் வைத்து, செருப்பு நுனியால் அவர் பக்கம் தள்ளுவாள். அவர் குனிந்து அதைக் கையில் எடுத்து, மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். அடியில் சாம்பல் நிறத் தூள், மேலே ஒரு விரற்கடைத் தண்ணீர், நடுவில் பிடுங்கிப் போட்ட கடைவாய்ப்பல் ஒன்றோ இரண்டோ. "நல்லா மூடியிருக்கீங்கம்மா," என்பார். அதற்குள் கதவு சாத்தியிருக்கும்.

ஊரில் உள்ள நாற்பத்தொரு பல் மருத்துவமனைகளுக்கும் அவர் குப்பிக்காரர்தான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. பற்சொத்தையை அடைக்கும் வெள்ளி அடைப்பில் பாதிக்குப் பாதி பாதரசம். பழைய அடைப்பைக் குடைந்து எடுக்கும்போது உதிரும் தூளைச் சாக்கடையில் விடக்கூடாது, குப்பையில் கொட்டக்கூடாது, எரிக்கவும் கூடாது. அதற்குத்தான் குப்பி. குப்பிகளைச் சேகரித்து, ஊருக்கு வெளியே முள்வேலி போட்ட ஆலையில் ஒப்படைப்பதற்குத்தான் அவர். பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை.

வேனின் பின்பக்கம் நிறைந்துவிட்டால், குப்பிகள் அடுக்கி மூடிய பீப்பாய்களில் மிஞ்சிய ஒன்றைப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட்டும் போட்டுவிடுவார். சிக்னலில் நிற்கும்போது அடுத்த வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். "சொல்பேச்சுக் கேக்கற ஆளு சார். வழி பூரா வாயே திறக்க மாட்டான்," என்பார் இவரும். மதியச் சாப்பாடு வேனுக்குள்தான். எந்த மருத்துவமனையிலும் அவரை உள்ளே உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று சொன்னதில்லை. சாப்பிடுங்கள் என்று சொன்னதும் இல்லை.

மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. மாடியில் ஒற்றை அறை. வேலை உடுப்புக்குத் தனிக் கொடி, தனி வாளி, தனி சோப்பு. வந்ததும் முழங்கைவரை மூன்று தடவை கழுவுவார். கழுவிய கையை முகர்ந்து பார்ப்பார். பாதரசத்துக்கு வாசனை கிடையாது என்பது அவருக்குத் தெரியும், இருந்தாலும் முகர்வார். யாராவது எதிரில் வாய்விட்டுச் சிரித்தால் முகம் அவர் மனசில் தங்காது. கீழே இடப்பக்கம் ஆறாவது பல்லில் அடைப்பு என்பது மட்டும் தங்கிவிடும்.

கடைத்தெருவின் ஒரு சாரியில் பெரிய டாக்டர். இன்றைக்கும் வெள்ளி அடைப்பவர். எதிர்ச்சாரியில் டாக்டரம்மா. 'பாதரசம் இல்லாத பல் மருத்துவம்' என்று பச்சை எழுத்தில் பலகை மாட்டியிருப்பவர். இருவரும் நேரில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. சண்டையெல்லாம் குப்பிக்காரர் மூலமாகத்தான். நூறு வருஷத்துக்கு மேலாக உலகமே இதை வைத்துக்கொண்டுதானே மென்று தின்கிறது, எத்தனை பேர் செத்தான் என்று பெரியவர் கேட்பார். குப்பியில் போட்டுப் பூட்டி வைக்க வேண்டிய பொருளை மனுஷன் வாயில் வைக்கலாமா என்று டாக்டரம்மா கேட்பார். "ரெண்டு பேரும் நல்லா படிச்சவங்க. கேக்கறப்போ ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் இருக்கு. நான் வண்டிய எடுத்துக்கிட்டு வந்துடுவேன்," என்பார் அவர்.

அவர் வாயிலேயே நான்கு வெள்ளி அடைப்புகள் உண்டு. முப்பது வயதில் பெரிய டாக்டர் கையால் போட்டவை. மகளுக்குக் குழந்தை பிறக்கும்வரை அவற்றைப் பற்றி அவர் நினைத்ததே கிடையாது.

பேத்தியைப் பார்க்கப் போன அன்று லீவு போட்டு, இரண்டு முறை குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். மகள் காப்பி கொடுத்தாள். குழந்தை உள்ளறையில் கொசுவலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போகப் பார்த்தவரை மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கப்பா. கொஞ்ச நாளைக்குத் தூக்க வேணாம். இங்கேயிருந்தே பாருங்க."

அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். வலைக்குள் ஒரு சின்னக் குதிகால் மட்டும் தெரிந்தது.

உடம்பில் பாதரசம் ஏறியிருக்கிறதா என்று கம்பெனி வருஷா வருஷம் சிறுநீர்ப் பரிசோதனை எடுக்கும். அந்த ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனார். மாப்பிள்ளை நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். இரண்டு தடவை படித்தான்.

"நார்மல்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல மாமா. இருக்கு, ஆனா பரவாயில்லைன்னுதான் அர்த்தம்," என்றான். பிறகு தயங்கித் தயங்கி, "உங்க வாயிலயும் நாலு இருக்கே. மெல்லறப்போ கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி மூச்சுல வரும்னு நெட்டுல போட்டிருக்கான்."

குப்பிக்காரர் ரிப்போர்ட்டைத் திரும்ப உறைக்குள் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை சொன்னது பொய் இல்லை.

மறுநாள், பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, பெரிய டாக்டரிடம் முன்வாசல் வழியாகப் போனார். டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார். நன்றாக இருக்கிற அடைப்பைத் தோண்டினால்தான் ஆவி அதிகம், பேசாமல் இரு என்றார் பெரியவர். குழந்தைக்கு உன் மூச்சால் ஒரு கேடும் வராது, எழுதித் தரட்டுமா என்றும் கேட்டார். அங்கிருந்து நேரே எதிர்ச்சாரிக்குப் போனார். டாக்டரம்மா விளக்கைப் போட்டு வாயைப் பார்த்தார். பாதரசத்தின் மேல் அவ்வளவு கோபம் உள்ளவர், விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்காக எடுக்கணும்னா எடுக்கறேன். பேத்திக்காகன்னா அவசியமே இல்ல. அவளுக்கு உங்களால ஒண்ணும் ஆகாது."

இரண்டு பேரும் ஒரே பேச்சு பேசி அவர் கேட்டதே இல்லை. தெருவிலேயே நின்று மகளுக்குப் போன் போட்டு, வார்த்தை மாறாமல் ஒப்பித்தார்.

"டாக்டருங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்பா," என்றாள் மகள். "எனக்குத்தான் மனசு கேக்கல."

அவர் திரும்ப டாக்டரம்மாவிடமே போய் நாள் குறித்துக்கொண்டு வந்தார்.

இரண்டு தவணையாக நான்கையும் எடுத்து, வெள்ளைப் பசை வைத்து அடைத்தார்கள். முகத்தில் ரப்பர் விரிப்பு, மூக்கில் குழாய், காதுக்குள் உறிஞ்சியின் இரைச்சல். இங்கே பின்வாசலில் குப்பியைக் காலால் தள்ளுகிற அதே பெண்தான் பக்கத்தில் நின்று அவர் வாயோரம் வழிந்த நீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். கிட்டத்தில் பார்க்கும்போது அவளுக்குத் தன் மகள் வயதுதான் இருக்கும் என்று பட்டது. எல்லாம் முடிந்து எழுந்தபோது, "கூட யாரும் வரலையாண்ணே?" என்று கேட்டாள்.

மரத்துப்போன உதட்டை வைத்துக்கொண்டு, "வண்டி வெளியில நிக்குதும்மா," என்றார்.

அப்புறம் ஒரு வாரம் நாக்கு சும்மா இருக்கவில்லை. பின்வரிசைக்குப் போய்ப் போய், வீடு மாறி நுழைந்துவிட்ட ஆள் மாதிரி விழித்துத் திரும்பியது. அந்த மாதம் டாக்டரம்மாவின் பின்வாசலில் அவர் எடுத்த குப்பிக்குள் அவருடையதும் இருந்தது. அதுவும் மற்றத் தூள் மாதிரியேதான் இருந்தது என்று சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை கூச்சத்தோடுதான் கேட்டான், ஆனாலும் கேட்டான். அவர் நாற்காலியில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தார். மாப்பிள்ளை கைபேசி வெளிச்சத்தை அடித்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாம் வெள்ளையாயிடுச்சு," என்று உள்ளே குரல் கொடுத்தான்.

மகள் நான்கு மாதக் குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கழுத்தைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தது.

"ஏதாவது பேசுங்கப்பா. உங்க குரல் அவளுக்குப் பழகட்டும்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கன்னம் உப்பியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சிறிது நேரம் கழித்து முகத்தை ஜன்னல் பக்கம் முழுக்கத் திருப்பி, அடக்கி வைத்திருந்த மூச்சை வெளியே விட்டார். புதிதாக ஒரு மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தார். உதட்டை இறுக மூடிக்கொண்டு, மறுபடியும் பேத்தியின் பக்கம் திரும்பினார்.