கலியுகம் முடியும்வரை கவலை இல்லை

இன்று காலை என் ஆபீஸ் மேனேஜரோடு ஊரப்பாக்கத்தில் ஃபிளாட் பார்க்கப் போனேன். இருவருமே ஆளுக்கொரு வீடு தேடிக்கொண்டிருக்கிறோம்.

தாம்பரத்தில் ரயில் ஏறியதும், கடல் மட்டம் உயரப் போவதாகப் பேப்பரில் வந்திருந்த செய்தியைக் காட்டினேன். சார் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இந்த சயின்டிஸ்டுங்களுக்கு வேற வேலை இல்லப்பா. கலியுகம் முடிய இன்னும் நாலு லட்சம் வருஷத்துக்கு மேல இருக்கு. அதுக்கு முன்னாடி பிரளயம் எப்படி வரும்? பகவான் போட்ட கணக்கை மனுஷன் மாத்த முடியுமா?"

எதிர் சீட்டுக்காரரும் பலமாகத் தலையாட்டினார். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

அந்தக் கட்டடத்தில் இரண்டு வீடுகள்தான் மிச்சம். ஒன்று தரைத்தளம், இன்னொன்று இரண்டாவது மாடி. பின்பக்கம் ஏரி.

சார் ஜன்னல் வழியாக ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐப்பசி மழைக்கு ஏரி ரொம்பினா தண்ணி உள்ள வருமா?"

"சான்ஸே இல்ல சார்" என்றார் புரமோட்டர்.

"எதுக்கு வம்பு? எனக்கு ரெண்டாவது மாடியே குடுத்துடுங்க." பிறகு என் தோளைத் தட்டினார். "நீ கீழ் வீட்டை எடுத்துக்கோப்பா. நாளைக்குக் குழந்தை பொறந்தா ஓடி விளையாட வசதி."

"பிரளயம்தான் வராதே சார், அப்புறம் எதுக்கு மாடி?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"பிரளயம் பகவான் டிபார்ட்மென்ட். ஏரித் தண்ணி பஞ்சாயத்து டிபார்ட்மென்ட். அவங்களை எப்படிப்பா நம்பறது?"

தரைத்தள வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. கலியுகக் கணக்கில் பூரண நம்பிக்கை உள்ளவர்கள் பின்னூட்டத்தில் கை தூக்கவும். புரமோட்டர் நம்பர் தருகிறேன்.