குருவம்மா அக்கா கையில் வாங்கிய உப்பு

எட்டுக் கிரகங்களும் ஒரே ராசியில் கூடப்போகின்றன, தை அமாவாசையோடு உலகம் முடிந்தது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட வருஷம் அது. வைகை அணை கட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது. சீனாக்காரனோடு சண்டை அந்த ஐப்பசியில்தான் வந்தது. அந்த அமாவாசைக்கும் சண்டைக்கும் நடுவில், சித்திரை மாதத்தில், நிலக்கோட்டையிலிருந்து நான்கு பேர் இமயமலைக்குப் போனோம். எங்களைக் கூட்டிப்போனவர் குருவம்மா அக்கா. சென்ற வியாழக்கிழமை காலை, நான் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் பேரன் போனில் கூப்பிட்டு, "தாத்தா, ஆத்தா போயிருச்சு" என்றான். குச்சியை எறிந்துவிட்டு அப்படியே கிணற்றுமேட்டில் உட்கார்ந்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். பூச்சந்தைக்குப் பக்கத்தில் அக்கா நடத்திய இட்லிக் கடையில் தின்றவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அக்காவின் சட்னி தெரியும். அவர் நடந்த நடை தெரியாது. ரங்கூனில் குண்டு விழுந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. அங்கிருந்து காடும் மலையுமாக இந்தியாவுக்கு நடந்தே வந்து சேர்ந்தவர். வழியில் யார் யார் வீட்டிலோ, என்ன பாஷை என்று தெரியாமலே சாப்பிட்டு உயிர் பிழைத்ததாகச் சொல்வார். "தெரியாத வீட்டுல மொதல்ல அடுப்பைப் பாரு. பொறவு மூஞ்சியப் பாரு. அடுப்பு எரிஞ்சா அங்க நமக்கும் ஒரு வாய் இருக்கும்" என்பது அவர் பேச்சு.

உலகம் அழியப் போகிறது என்று கோயிலுக்குக் கோயில் யாகம் நடந்த நாட்களில், கடையில் உட்கார்ந்திருந்த பூ வியாபாரிகள் ஆளுக்கொரு வேண்டுதல் சொன்னார்கள். ஒருவர் பழனிக்குக் காவடி என்றார். அக்கா சட்னிக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒலகம் நிலைச்சா நான் முக்திநாத்துக்கு நடந்து போறேன்" என்றார். நேபாளத்தில் அப்படி ஒரு பெருமாள் இருப்பதாகப் பஜனை மடத்தில் கேள்விப்பட்டிருந்தார், அவ்வளவுதான். தை அமாவாசை வந்தது, போனது. மறுநாள் காலை வழக்கம்போல் வண்டிகளில் பூ ஏறியது. வியாபாரிகள் விடவில்லை.

"என்னக்கா, ஒலகம் நிலைச்சிருச்சே. எப்பக் கெளம்புற?"

"சித்திரையில. நீ வாரியா?"

"எனக்கு மொழங்கால் வலிக்கா."

"வாய் மட்டும் வலிக்கலையோ?"

போவதென்று ஆனவர்கள் நான்கு பேர். அக்கா, பட்டாளத்தில் இருந்து வந்த, இந்தி பேசத் தெரிந்த செல்லையா அண்ணன், நான், எனக்கு வாக்கப்பட்டு இரண்டு வருஷமே ஆகியிருந்த என் வீட்டுக்காரி. அவள் அதுவரை திண்டுக்கல் ரயில் நிலையத்தையே பார்த்ததில்லை. கடையை அக்காவின் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் யாத்திரை போகிறவர்கள் அரிசி, புளி, பாத்திரம், சமையல்காரர் எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோவார்கள். அக்கா ஒரு படி அரிசிகூடக் கட்டவிடவில்லை. "இங்க திங்கிறதையே அங்க போயும் திங்கணும்னா நெலக்கோட்டையிலயே கெடக்கலாம்லே" என்றார். பட்டணத்தில் ரயில் மாறி, கோரக்பூரில் இறங்கி, எல்லை தாண்டி ஒரு லாரியில் ஏறி, ரோடு முடிந்த இடத்திலிருந்து நடந்தோம். அந்த வழியில் வீடுகளே சத்திரம். எந்த வீட்டில் சாப்பிடுகிறோமோ அங்கேயே படுத்துக்கொள்ளலாம். கறுப்பு மாவில் நம் கேப்பைக்களி மாதிரியே ஒன்று கிண்டி வைப்பார்கள். செல்லையா அண்ணன் முகத்தைச் சுளிப்பார். அக்கா இரண்டாவது உருண்டை கேட்பார்.

பதினான்காம் நாள் ஒரு பெரிய ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறிக்கொண்டிருந்தோம். தினமும் உச்சிப்பொழுதுக்கு முன்னால் அங்கே ஒரு காற்று கிளம்பும். மணலை வாரி முகத்தில் அறையும். திபெத்திலிருந்து உப்பு ஏற்றிவரும் கோவேறு கழுதைகள் கழுத்து மணியோடு எதிரே வரும். முக்திநாத்துக்கு இன்னும் இரண்டு நாள் நடைதான் என்றார்கள். அன்றைக்கு என் வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, உதடு நீலம் பாய்ந்தது, மூச்சு வாங்கியது. கல் வீடுகள் உள்ள ஒரு ஊர் வந்ததும், அவளை அக்காவும் அண்ணனும் தாங்கிவர, நான் முன்னால் ஓடி முதல் வீட்டில் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

முற்றத்தில் உப்பு அளந்துகொண்டிருந்தார்கள். வீட்டம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பின்னால் என் வீட்டுக்காரியைத் தாங்கிவருவதைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெந்நீரில் கரைத்துக் கொடு என்று சைகை காட்டி, நெல்லிக்காய் அளவில் ஒரு கல் உப்பை எடுத்து என் கையில் வைக்க நீட்டினார்.

நம் பக்கத்தில் உப்பைக் கைக்குக் கை வாங்கமாட்டோம். வாங்கினால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள். கீழே வைத்தால் எடுத்துக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "கீழ வைங்க" என்று தரையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். உப்பைத் திரும்பக் குவியலில் எறிந்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அளந்துகொண்டிருந்தவர்களில் ஒருவன் காறித் துப்பினான்.

தன் கையால் தொட்டதை நான் தீட்டு என்று ஒதுக்கியதாக அந்த அம்மா நினைத்துவிட்டார். சமவெளியிலிருந்து போகிற யாத்திரைக்காரர்கள் சிலர் அப்படி நடந்துகொள்வது உண்டாம். இது செல்லையா அண்ணன் விசாரித்துப் பிறகு சொன்னது. அடுத்த வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. காற்று ஏறிக்கொண்டே போனது. என் வீட்டுக்காரி சுவரோரம் சுருண்டு கிடந்தாள்.

"என்னலே செஞ்ச?" என்றார் அக்கா.

"உப்பைக் கையில குடுத்தாக. சண்டை வந்துருமேன்னு கீழ வைக்கச் சொன்னேன்."

"இப்ப மட்டும் என்ன வந்திருக்காம்?"

அண்ணன் கதவைத் தட்டி இந்தியில் விளக்கப் போனார். "நீ செத்த நேரம் சும்மா இருப்பா. நாம தொடமாட்டோம்னு நெனைச்சவுகளுக்கு வாயால சொன்னா ஏறாது" என்று அக்கா தடுத்தார். பிறகு அந்தக் கதவுக்கு முன்னால் போய், தீர்த்தம் வாங்குவதுபோல் இரண்டு கையையும் குவித்து நீட்டிக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை, தட்டவில்லை. முந்தானை காற்றில் பறந்து அடித்தது. கழுதைக் கூட்டம் ஒன்று முழுவதும் கடந்து போனது. அவர் கை தாழவில்லை.

கதவு திறந்தது. அந்த அம்மா அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தார். முற்றத்துக்குப் போய் ஒரு கல் உப்பை எடுத்துவந்து கையில் வைத்தார். அக்கா அதைக் கடித்துப் பாதியை அங்கேயே தின்றார், உள்ளங்கையையும் நக்கினார். மீதிப் பாதியை என் கையில் வைத்து அழுத்தி, "தின்னுலே. சண்டை வந்தா நான் பாத்துக்கிறேன்" என்றார். தின்றேன். அந்த அம்மா வழிவிட்டு விலகினார். என் வீட்டுக்காரியை அடுப்புப் பக்கத்தில் படுக்க வைத்தது அவர்தான். கம்பளியைப் போர்த்தி, உப்புப் போட்ட வெந்நீரை ஊட்டியதும் அவர்தான்.

மூன்று நாள் அங்கே இருந்தோம். அக்கா அந்த வீட்டில் தண்ணீர் சுமந்தார், மாவு திரித்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். காய்ச்சல் விட்டதும், இந்தப் பெண்ணை இனி மேலே ஏற்றினால் செத்துப்போவாள், கீழே இறக்குங்கள் என்றார் அந்த அம்மா. நான் அக்காவிடம், "நீங்களும் அண்ணனும் போய்ட்டு வாங்க. உங்க வேண்டுதலாச்சே" என்றேன். அக்கா மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "இவளைத் தாங்க ரெண்டு தோள் வேணும். ஒந்தோள் ஒண்ணுதான இருக்கு" என்று சொல்லி மூட்டையைக் கட்டினார். முக்திநாத்தை நாங்கள் நான்கு பேருமே பார்க்கவில்லை.

ஊரில் சும்மா விடுவார்களா? ஐப்பசியில் சண்டை வந்ததும், "அக்கா வேண்டுதலைப் பாதியில விட்டதுலதான் சீனாக்காரன் வந்துட்டான்" என்று கடையிலேயே உட்கார்ந்து சொன்னார்கள். "அவனுக்கு என்னையத் தெரியுமாலே? தெரிஞ்சிருந்தா இட்லிக்குல்ல வந்திருப்பான்" என்றார் அக்கா. இரண்டு வருஷம் கழித்து, தனுஷ்கோடியைக் கடல் கொள்வதற்கு முன்னால், கப்பலேறிக் கதிர்காமம் போய்வந்தார். முக்திநாத்துக்கு மட்டும் மறுபடி போகவில்லை. கேட்டதற்கு, "அந்தம்மா வீடு வரைக்கும்தான் எனக்குச் சோலி" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாள் முதல் அக்கா கடையில் யார் உப்புக் கேட்டாலும் கையில்தான் வைப்பார். சிலர் கையை இழுத்துக்கொண்டு முறைத்தார்கள். அக்கா மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டிலும் அறுபது வருஷமாக உப்பு கைக்குக் கைதான். சண்டையும் குறைவில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பழக்கம்தான்.

வெள்ளிக்கிழமை அக்காவை எடுப்பதற்கு முன் எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்கள். என் வீட்டுக்காரி மட்டும் மடியிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். பக்கத்தில் நின்ற பெண், "உப்பைப் போயி கையில வைப்பாகளா?" என்றாள்.

"எங்களுக்குள்ள அப்படித்தான் தாயி" என்றாள் இவள்.

செல்லையா அண்ணன் போய் இருபது வருஷமாகிறது. இப்போது அக்காவும் இல்லை. அந்தக் கதையைச் சொல்ல நான் இருக்கிறேன். என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அன்றைக்கு அந்தச் சுவரோரம் சுருண்டு கிடந்தவள், மேலே ஏற்றினால் செத்துப்போவாள் என்று சொல்லப்பட்டவள், என் வீட்டுக்காரி அழகம்மாள், இன்னும் இருக்கிறாள்.