செவலையைப் பழக்கினோம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. மலாயாவில், லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ரயிலேறி ஈப்போவில் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர்.

அந்த வருடம் எங்கள் இயற்கைப் பாட ஆசிரியர், இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு பிராணியின் பழக்கத்தைக் கவனித்து எழுதச் சொன்னார். காட்டிலிருந்து பிடித்து வரக் கூடாது, பட்டினி போடக் கூடாது, மனிதரோடு வாழ்வதாக இருக்க வேண்டும் என்பவை அவர் நிபந்தனைகள். என் கூட்டாளி, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகன். அவனுக்குக் குரங்குக் குட்டி வாங்க ஆசை. தாயைப் பிரிந்த குட்டி என்னத்தைக் கற்கும் என்று நான்தான் மறுத்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளைச் சுற்றித் திரிந்த செவலை நாயைக் காட்டினேன். யாருக்கும் சொந்தமில்லாத பெட்டை. அங்கே போடும் மிச்சச் சோற்றில் வளர்ந்தது.

மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் கருவாட்டுத் துண்டு வைப்போம். மோப்பத்தால் கண்டுபிடித்துவிடாதபடி மூன்றிலும் கருவாட்டைத் தேய்த்துவிடுவோம். எதில் வைத்தோம் என்பதைப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்கிறதா என்பதுதான் சோதனை. சிரட்டையைக் குச்சியால் தட்டினால் எங்கிருந்தாலும் ஓடி வந்து எதிரே உட்காரப் பழக்கியிருந்தோம். வெயில் ஏறினால் நிறுத்திவிடுவோம். காதுப் புண்ணுக்கு அப்பாவிடம் மருந்து வாங்கிப் போட்டேன். கை நீட்டினாலே பதுங்கிய நாய், போகப்போக என் மடியில் தலை வைத்துத் தூங்கியது.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை வெறிநாய் கடித்தது. கழுத்தில் பட்டை இல்லாத நாய்களையெல்லாம் சுடும்படி தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரான பெரிய தொரை உத்தரவு போட்டார். கூட்டாளி தன் பழைய இடுப்பு வாரை வெட்டிச் செவலைக்குக் கட்டினான். சாயங்காலமே கிராணி அதை அவிழ்த்துவிட்டார்.

"லயத்து நாய்க்கெல்லாம் பட்டை கட்டுனா தொரை என்னையத்தான் கேப்பாரு" என்றார்.

நான் கெஞ்சினேன். அப்பாவும் போய்ச் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை.

மறுநாள் அவருக்கு அடுத்த சின்னத் தொரை துப்பாக்கியோடு வந்தார். முதல் வெடிச்சத்தத்திலேயே செவலை, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தின் அடியில் புகுந்துகொண்டது. அங்கே ஆள் நுழைய முடியாது. தப்பிவிட்டது என்றுதான் நினைத்தோம். கிராணி எங்கள் சிரட்டையை எடுத்து வந்து தட்டினார். நாங்கள் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் அது வாலை ஆட்டியபடி வெளியே வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தது. உட்கார்ந்தபடியே சுடப்பட்டது.

"நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீங்க. வேலை சுளுவா முடிஞ்சிருச்சு லா" என்றார் கிராணி. கேலியில்லை. மெய்யாகவே மெச்சினார்.

கூட்டாளி தன் அப்பாவை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "மச்சான், மண்வெட்டி எடுத்துட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னான். இரண்டு பேருமாகக் குழி தோண்டிப் புதைத்தோம்.

பள்ளியில் ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். வருத்தப்பட்டார். எழுதியது வரைக்கும் கொடுத்தால் போதும் என்றார். பிறகு அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். முடிவில் அவரே ஒரு வரி சேர்த்திருந்தார்: வேறு ஆள் தட்டியபோதும், வெடிச்சத்தத்துக்குப் பிறகும் நாயின் பழக்கம் மாறவில்லை, சோதனையின் சிறந்த பலன் இதுவே. வகுப்பு முழுக்கக் கை தட்டியது.

அவர் சொன்ன நிபந்தனைகளில் ஒன்றைக்கூட நாங்கள் மீறவில்லை. ஆனாலும் இன்றுவரை ஏதாவது ஒரு பிராணி பயம் தெளிந்து என் கைக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. இதன் பயத்தைப் போக்கிவிட்டோமே, இனி இதை யார் காப்பாற்றுவது என்ற கலக்கம்தான் வருகிறது.