மஞ்சள் பூசிய கறுப்புக் கரை

போன கிழமை சந்திக் கடையில் கடித உறை கேட்டேன். என்ன அளவு என்று கேட்பார்கள் என எதிர்பார்த்து, பதிலையும் ஆயத்தமாக வைத்திருந்தேன். கடைப் பிள்ளை வெள்ளை நீட்டு உறை ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, "உதுதான் இருக்கு, ஐயா" என்றாள். வீட்டுக்கு வந்து அதன் வாயை நாக்கால் ஈரமாக்கினேன். நல்லவேளை, பசையின் மெல்லிய இனிப்பு மட்டும் மாறவில்லை.

அந்த இனிப்பு நாக்கில் பட்டால் எனக்குப் பட்டணத்துப் பெரியகடைத் தெரு நினைவுக்கு வந்துவிடும். கோப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்துப்போய் அங்கே ஒரு காகிதக் கடையில் வேலை பார்த்தேன். தாளை இரண்டு தரம் மடித்து வைக்கிற சதுர உறை சொந்தக்காரருக்கு எழுத. மூன்றாக மடித்து வைக்கிற நீட்டு உறை விண்ணப்பங்களுக்கு. மலாயாவிலிருக்கும் மகனுக்கு எழுதுகிறவர்கள் கனமில்லாத நீல உறை கேட்பார்கள். பதிவுத் தபாலுக்கென்று உள்ளே துணி ஒட்டிய தடித்த உறை ஒன்று இருந்தது. ஒருவர் படியேறும் நடையிலேயே அவருக்கு வேண்டிய உறையைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். பாதிக்குப் பாதி பிழையாய்ப் போகும்.

துக்கத்துக்கென்று கறுப்புக் கரை போட்ட உறையும் இருந்தது. வெள்ளைக்காரரும் சில பாதிரிமாரும் வாங்குவார்கள். எங்கள் ஊரார் அந்தத் தட்டின் பக்கமே பார்க்கமாட்டார்கள். 1943இல், யுத்தத்தால் காகித வரத்து நின்றபோது, மற்றத் தட்டுகள் வெறுமையாகி அது மட்டும் நிறைந்து கிடந்தது.

அந்த ஆண்டுதான் அக்காவுக்குக் கலியாணம் பேசினார்கள். முன்னே இரண்டு பேச்சு முறிந்திருந்தது. இந்த மாப்பிள்ளை தொண்டைமானாற்றுக்காரர், கொழும்பில் கிளாக்கர். சாதகம் பொருந்திவிட்டது; அவருடைய சம்மதக் கடிதம் வரவேண்டியதுதான் மிச்சம்.

எனக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகாத ஒரு நாள், தபால்காரர் மணி அடிக்காமல் வேலிக் கதவான படலையில் நின்று கூப்பிட்டார்.

"தம்பி, உந்தக் கடிதத்தை உள்ளுக்குக் கொண்டு போகாதை. கறுப்புக் கரை."

சாவுச் செய்தி வந்த கடிதத்தை எங்கள் வீட்டு வளவுக்குள் எடுப்பதில்லை. அப்பாவை நாங்கள் ஐயா என்போம். அவர் வெளியே வந்து, விரல் நுனியால் பிடித்துப் பிரித்தார். மாப்பிள்ளைக்குப் பூரண சம்மதம் என்று எழுதியிருந்தது. ஐயாவின் முகம் இன்னும் இருண்டது.

"முதல் கடிதமே இழவுக் கடிதம். வேண்டாம், பேச்சை விடுவம்."

நான் கப்பல், யுத்தம், காகிதத் தட்டுப்பாடு எல்லாவற்றையும் விளக்கினேன்.

"உன்ரை கடைக் கதையை அங்கை வைச்சுக்கொள். ஒரு ஆளிட்டைச் சொல்லிவிட ஏலாதோ அவருக்கு?"

அக்கா கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு வந்து உறையை வாங்கினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார், மணந்தும் பார்த்தார்.

"மஞ்சள், ஐயா. நல்ல காரியக் கடிதத்துக்கு மூலைக்கு ஒரு பொட்டு வைச்சாலே காணும். கறுப்பைக் கண்டு பயந்து அவர் நாலு கரையும் முழுக்கப் பூசியிருக்கிறார்."

உண்மைதான். கறுப்பு ஒருவிதப் பச்சை பாய்ந்து கிடந்தது. உறைகளோடு பிழைத்த என் கண்ணில் அது படவேயில்லை.

"அறை எடுத்துத் தனிய இருக்கிற மனுசன், மஞ்சளுக்கு எந்தக் குசினியிலை போய் நிண்டாரோ" என்று அம்மா சிரித்தார்.

"அப்பிடி யோசிச்ச ஆளை விட்டிட்டு, வெள்ளை என்வலப்பிலை எழுதிறவனைத் தேடப் போறியளோ?" என்று அக்கா கேட்டார்.

ஐயா கடிதத்தை என்னிடம் தந்துவிட்டுப் படலையைத் திறந்தார்.

"கடிதத்தை உள்ளுக்குக் கொண்டு வா. உந்த என்வலப் வெளியிலை கிடக்கட்டும்."

உறையைத் தென்னோலைக் கிடுகு வேலியில் செருகினோம். வைகாசியில் கலியாணம் நடந்தது. அடுத்த முறை பழைய கிடுகை மாற்றி வேலி அடைத்தபோது கறையான் அதைத் தின்று முடித்திருந்தது.

கறுப்புக் கரை உறைகள் பிறகு கடைகளிலிருந்து மறைந்தன. கிடுகு வேலிகள் மதில்களாயின. அத்தான் முந்திப் போனார். சென்ற ஐப்பசியில் அக்காவும் போய்விட்டார். அந்தச் செய்தி தொலைபேசியில், நான் படுத்திருந்த அறைக்கே வந்துவிட்டது. படலையில் நிறுத்திவைக்க ஒரு வழியும் இருக்கவில்லை.