வக்து ஆச்சு

மழைக்காக நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு நிட்டிங் கம்பெனிக்குள் ஒதுங்குகிறேன். நிறுத்திவைத்த மெஷினுக்குள் கைவிட்டு மெக்கானிக் சலீம் ஊசி மாற்றுகிறார். பள்ளிவாசலில் பாங்குச் சத்தம் கேட்டதும் முதலாளி பாய் வாசலிலிருந்து கூப்பிடுகிறார்.

“சலீமு, வக்து ஆச்சு!”

சுவிட்சருகே நிற்கும் பீகார்க்காரரின் காதில் அவருக்குத் தெரிந்த ஒரு சொல் விழுகிறது. உடனே பொத்தானை அழுத்தப் போகிறார். சலீமின் கை இன்னும் உள்ளே இருக்கிறது. நான் கத்துகிறேன். பாய் பாய்ந்து வந்து பீகார்க்காரரின் மணிக்கட்டைப் பிடித்துவிடுகிறார்.

“என்னங்க ஆச்சு?” என்கிறேன்.

“வக்துன்னா எங்களுக்குத் தொழுகை நேரமுங்க. அவிய இந்தியில அது வெறும் நேரந்தானுங்க. மெஷின ஓட்டற நேரம் வந்துருச்சுன்னு நெனச்சுட்டாருங்க” என்கிறார் பாய்.

பீகார்க்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாய் மெஷினின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சலீமோடு பள்ளிவாசலுக்கு நடக்கிறார்.